ஔஷதத்துக்குத் தோஷமில்லை

மாத்திரையை விட்டுப் பதினான்கு மாதம் முடிந்த ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, தியாகராய நகர் ஓட்டல் ஒன்றின் முதல் மாடியில் உட்கார்ந்து, ஜெயராம் தனக்குத் தானே ஒரு பரிசு கொடுத்துக்கொண்டான். பரிசு ஒரு பாட்டில் பீர். பாதுகாப்புக்கு நதீமையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். நதீம் பள்ளிக்கூடத் தோழன். பாண்டி பஜார் பக்கம் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். வாழ்க்கையில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டதில்லை. குடிக்கப் போகும்போது குடிக்காதவனைத் துணைக்கு வைத்துக்கொள்வது பெரிய முன்னெச்சரிக்கை என்று ஜெயராமுக்குப் பட்டது. நீச்சல் தெரியாத ஒருவனைக் கரையில் நிறுத்திவிட்டுக் கடலில் இறங்குவதும் இதே வகை முன்னெச்சரிக்கைதான்.

"எனக்கு ஒண்ணு புரியல மச்சி," என்றான் நதீம், எலுமிச்சை சோடாவை உறிஞ்சிக்கொண்டே. "அந்த மாத்திரய வுட நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். கை சும்மா இருந்தா நடுங்குதுன்னு எங்கடைல வந்து குந்திகினு, விக்காத கண்ணாடியெல்லாம் தொடச்சிகினு இருந்த. இப்ப இன்னாத்துக்கு இது?"

"அது வேற, இது வேற."

"எப்டி வேற?"

"அது வியாதி. இது கொண்டாட்டம்."

"சரி, கொண்டாடு. பில்லு நீ குடு. எனக்கு பாவத்துல பங்கு வாணாம்."

ஜெயராம் சிரித்தான். பதினான்கு மாதமாக அவனுக்குச் சிரிப்பு வருகிறது. அதற்கு முந்தைய ஆறு வருஷம் வரவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா போனார். பத்தாம் நாள் காரியம் முடிந்தும் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. அக்கா காமாக்ஷி தன் கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்தாள், ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்தாள், அவன் உள்ளங்கையில் வைத்தாள். தீட்டுக் காலத்தில் இதெல்லாம் சாப்பிடலாமா என்று அவன் சந்தேகம் கேட்டான். "ஔஷதத்துக்குத் தோஷமில்லைடா," என்று சொல்லி, மருந்து சாப்பிடும்போது சொல்ல வேண்டிய சுலோகத்தையும் சொல்லவைத்துத்தான் விழுங்கவிட்டாள். மயிலாப்பூரில் ரசப்பொடி கொடுப்பதற்கும் தூக்க மாத்திரை கொடுப்பதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. 'எனக்கு நன்னாக் கேக்கறது, நீயும் பாரேன்' என்பதுதான் இரண்டுக்கும் சிபாரிசு.

பாதி ஒன்றாகி, ஒன்று இரண்டாகி, ஒரு டாக்டர் எழுதித்தர மறுத்தால் இன்னொரு டாக்டராகி, ஆறு வருஷம் போயிற்று. அந்த ஆறு வருஷமும் அவன் ஒரு லட்சிய மனிதனாக இருந்தான். கோபம் கிடையாது. ஆசை கிடையாது. சாம்பாரில் உப்பில்லை என்பதுகூடத் தெரியாது. கீதையில் சொல்லியிருக்கிற நிலையை இந்தப் பிள்ளை நாற்பது வயதுக்குள் எட்டிவிட்டான் என்று அத்திம்பேர் வியந்தார். அத்திம்பேர் ஸ்ரீரங்கன், அக்காவின் கணவர். ஐயர் வீட்டுப் பெண்ணை ஐயங்கார் வீட்டுப் பிள்ளை கல்யாணம் செய்துகொண்டதே முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் குடும்பங்களில் நடந்த பெரிய புரட்சி. அதோடு களைத்துப்போன அத்திம்பேர் அதற்குப் பிறகு எதிலும் கருத்துச் சொல்வதில்லை. வியப்பதோடு சரி.

மஹதி மட்டும் வியக்கவில்லை. அவள் ஜெயராமின் மனைவி. வீட்டில் வீணை சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு நாள் அவளே அவனை அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்க வேண்டும் என்றார் அந்த அம்மா. ஜெயராம் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிறவன். அவனுக்கு அந்த முறை உடனே பிடித்துப்போயிற்று. மாத்திரையைப் பொடித்து நூறு மில்லி பாலில் கலக்க வேண்டும். முதல் வாரம் அதில் ஒரு மில்லியைக் கொட்டிவிட்டு மீதியைக் குடிக்க வேண்டும். அடுத்த வாரம் இரண்டு மில்லி, அதற்கடுத்த வாரம் மூன்று. போகப் போக வேகம் கூடியது. பதினோரு மாதத்தின் கடைசியில் அளவுக் குடுவையில் பால் மட்டும் இருந்தது. இடையில் அவன் வியர்த்தான், அழுதான், குக்கர் விசில் கேட்டுக் கட்டிலுக்கடியில் ஒளிந்தான். மஹதி குடுவையைக் கழுவி வைத்தாள்.

கடைசி நாளன்று டாக்டரம்மா, "இனிமேல் மது மட்டும் வேண்டாம். மாத்திரையும் மதுவும் மூளையில் ஒரே கதவைத்தான் தட்டும்," என்றார். ஜெயராம் தலையாட்டினான். 'இப்போதைக்கு' என்ற ஒரு வார்த்தையை அந்த அம்மா சொல்ல மறந்துவிட்டதாக நினைத்து, அதை அவனே சேர்த்துக்கொண்டான்.

இப்போது பீர் கசந்தது. இதற்காகவா ஊரெல்லாம் வரிசையில் நிற்கிறது என்று நினைத்தான். இருபதாவது நிமிஷம் பிடரியில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. தோள்கள் இரண்டும் தாமாக இறங்கின. இந்த ஆளை அவனுக்குத் தெரியும். ஆறு வருஷம் மாத்திரையாக வீட்டோடு தங்கியிருந்த விருந்தாளி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறான்.

அவன் கிளாஸை மேஜையில் வைத்தான். நதீம் அவசரப்படவில்லை. கண்ணாடிக் கடைக்காரனாதலால் எதிராளியின் கண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தவன்.

"இன்னா ஆச்சு?" என்று கடைசியில் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. நல்லாருக்கு."

அதுதான் பிரச்சினை என்று இருவருக்கும் தெரிந்தது. நதீம் பில்லைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

படித்தவன் தப்பு செய்தால் அதற்கு ஒரு முறை வைத்திருப்பான். அளந்து குடிப்பது என்று ஜெயராம் முடிவு செய்தான். அளக்காதவன் குடிகாரன், அளக்கிறவன் ஆராய்ச்சியாளன். மயிலாப்பூரில் வாங்கினால் யாராவது பார்ப்பார்கள் என்று வேளச்சேரி வரைக்கும் ரயிலில் போய், பெரிய வணிக வளாகத்துக்குள் இருக்கிற கடையில் கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு பிராந்தி வாங்கினான். அங்கே அவன் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா நின்றிருந்தார். இருவரும் ஒரே சமயத்தில் ஆளுக்கொரு புட்டியை எடுத்து, பஞ்சாங்கம் பார்ப்பதைப்போல, பின்பக்கத்தில் அச்சடித்திருந்ததைக் கடைசி வரி வரைக்கும் படித்தார்கள்.

முதலில் சனிக்கிழமை முப்பது மில்லி. பிறகு சனியும் புதனும். புதனுக்கும் சனிக்கும் நடுவில் இரண்டு நாள் வீணாகிறது என்று பட்டதால் வெள்ளி. மாத்திரையைக் குறைத்ததற்கு ஒரு நோட்டு போட்டிருந்தானே, அதே நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து இதை எழுதிவந்தான். முன்பக்கத்தில் எண்கள் இறங்கின, பின்பக்கத்தில் ஏறின. நடுவில் எங்கேயோ இரண்டும் சந்திக்கும் என்பது கணக்குத் தெரிந்த அவனுக்குத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. அந்தப் பக்கங்களை அவன் புரட்டுவதில்லை.

அவன் அளந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு. கூடத்தில் மஹதி குழந்தைகளுக்கு வரிசை சொல்லிக்கொடுக்கும் நேரம். அவள் ஒரு மாதத்துக்குள் கண்டுபிடித்துவிட்டாள். வாசனையால் அல்ல. ஆறரை மணிக்கு மேல் அவன் உள்ளேயிருந்து வந்து எல்லாக் குழந்தைகளையும் பாராட்ட ஆரம்பித்திருந்தான்.

"அந்தப் பொண்ணுக்கு ஸ்ருதியே சேரலை. பிரமாதம்ங்கறேள்," என்றாள் மஹதி.

"ஊக்கம் கொடுக்க வேண்டாமா?"

"எவ்ளோ குடிச்சேள்?"

"முப்பது மில்லி."

"ஆரம்பிச்சப்போ எவ்ளோன்னு கேக்கலை. இன்னிக்கு எவ்ளோ?"

"அறுபது," என்றான் அவன், ஆராய்ச்சியாளனுக்குரிய நேர்மையோடு. மஹதி வீணைக்கு உறை போட்டாள். அவளுடைய மௌனத்தை அவன் சம்மதத்தில் சேர்த்து எழுதிக்கொண்டான்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூட ஆய்வகத்தில், அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்தான். இருபது வருஷமாகச் செய்வது. கடைசித் துளியில் குடுவைக்குள் மெல்லிய ரோஜா நிறம் வர வேண்டும். அன்றைக்கு வந்தது கல்யாணப் பத்திரிகையின் அடர்ந்த ரோஜா நிறம். பிள்ளைகள் மரியாதையாகக் குறித்துக்கொண்டார்கள்.

மணி அடித்ததும் ஆய்வக உதவியாளர் சண்முகசுந்தரம் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். இரண்டு பஸ் மாறி வருகிறவர். குடித்ததற்காக இதே பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் பணியிடை நீக்கத்தில் இருந்து, விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்.

"இன்னா சார், கை ஆடிகினு கீது?"

"ராத்திரி சரியாத் தூங்கலை."

"எவ்ளோ நாளா?"

ஜெயராம் வருகைப் பதிவேட்டைப் புரட்டினான்.

"நா குடிச்சா குடிகாரப்பய சார். எஸ்எம்எஸ் அனுப்சாங்க, மெமோ குட்தாங்க, எம் பொஞ்சாதிய கூப்டு பேசுனாங்க. நீங்க குட்ச்சா அது டென்சன்." சண்முகசுந்தரம் குடுவையைக் கழுவித் தொட்டியின் விளிம்பில் கவிழ்த்தார். "ஆனா கை பாருங்க, அதுக்கு நீ எந்த ஊரு, இன்னா படிச்சிக்கிறன்னு தெரியமாட்டேங்குது. நாளைலேர்ந்து நா ஊத்தறேன் சார். நீங்க சொல்லிக்கினே இருங்க, போதும்."

அவமானம் என்று ஒன்று இருக்கிறது என்பதையே ஜெயராம் மாத்திரைக் காலத்தில் மறந்திருந்தான். அது நல்ல நிலையில் அப்படியே திரும்பி வந்திருந்தது. அன்று சாயங்காலம் அதைத் தணிக்கத் தொண்ணூறு தேவைப்பட்டது.

நவராத்திரி ஏழாம் நாள் அக்கா வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்தாள். ஏழு மணி. கொலு முன்னால் யாராவது பாட வேண்டும். மஹதி வாய் திறக்குமுன் ஜெயராம் சப்பணம் போட்டு உட்கார்ந்து பாடிவிட்டான். பத்து வருஷமாகப் பாடாதவன். குரல் தாராளமாக வந்தது. அக்காவுக்குக் கண் கலங்கியது. "அப்படியே அப்பா குரல்டா," என்று சொல்லி, சுண்டல் கிண்ணத்தை நீட்டக் கிட்டே குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. அவன் முகத்துக்கு நேராக மூச்சை இரண்டு முறை இழுத்தாள். பிறகு கிண்ணத்தைத் தானே வைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தேங்காயைப் பொறுக்கியெடுத்து ஒவ்வொன்றாகத் தின்றாள். அம்பாள் முன்னால் சண்டை போடக் கூடாது என்று அவளுக்கு ஒரு நியமம் இருந்தது.

கொலுவை எடுத்துவைத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நியமம் முடிந்தது. அக்காவும் அத்திம்பேரும் வந்தார்கள். அக்கா உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து, பத்து மாத்திரை கொண்ட அட்டை ஒன்றைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள்.

"இதைப் போட்டுக்கோ. ராத்திரி அரை. அந்தக் கருமம் ரெண்டு நாள்ல தானா விட்டுடும்."

"அக்கா, இதை விடறதுக்குத்தான் ஒரு வருஷம் செத்தேன்."

"உன்னை யார் விடச் சொன்னா? இதை விட்டதுனாலதானே அதுக்குப் போனே. ஆறு வருஷம் எவ்ளோ சமத்தா இருந்தே. குரல் உசத்திப் பேசினது உண்டா? வாசப்படி தாண்டினது உண்டா?"

"சமத்தா இல்லைக்கா," என்றாள் மஹதி, சமையலறை நிலையில் நின்றபடி. "எங்கம்மா போனப்போ இவர் கண்ணுல ஒரு சொட்டு ஜலம் வரலை. ஏன்னா இப்படி நிக்கறேள்னு கேட்டேன். 'அழணுமா'ன்னு கேட்டார். நிஜமாவே தெரிஞ்சுக்கறதுக்காகக் கேட்டார்."

அத்திம்பேர் காபி இருக்கிறதா என்று மெதுவாக விசாரித்தார்.

"அதுக்காகக் குடிக்கணுமா?" என்றாள் அக்கா. "டாக்டர் எழுதித் தர்றது இது. சாராயத்தை எந்த டாக்டர் எழுதித் தர்றான்? நானும்தான் பன்னெண்டு வருஷமாப் போட்டுக்கறேன். தெருவுல விழுந்து கெடந்தேனா?"

அங்கேதான் ஜெயராம் தப்பு செய்தான். குடித்ததைவிடப் பெரிய தப்பு. சொல்லக் கூடாது என்று தெரிந்தே சொன்னான்.

"உன்னால ஒரே ஒரு ராத்திரி அது இல்லாம இருக்க முடியுமா?"

அக்கா அவனைப் பார்த்தாள். பிறகு அட்டையை எடுத்து மஹதியின் கையில் வைத்தாள். "இதை நீயே வெச்சுக்கோ. இன்னிலேர்ந்து நான் நிறுத்தியாச்சு. நீயும் நிறுத்துடா. யாருக்கு முதல்ல கை நீள்றதுன்னு பார்த்துடலாம்."

"ஐயோ, அப்படிச் சட்டுனு நிறுத்தக் கூடாதுக்கா. வலிப்பு வரும். கொஞ்சம் கொஞ்சமா—"

"இப்போ பயமுறுத்தறியா? எழுந்திருங்கோன்னா."

அத்திம்பேர் பாதிக் காபியோடு எழுந்தார்.

அன்று மத்தியானமே ஜெயராம் அத்திம்பேருக்குப் போன் செய்து, அக்காவை எப்படியாவது வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கெஞ்சினான். "அவகிட்ட யார்ப்பா பேசறது," என்றார் அவர். உலகத்திலேயே அந்த மாத்திரையை அதிகம் வெறுக்கிற மனிதன், அதைச் சாப்பிடச் சொல்லி அடுத்தவர் காலில் விழுந்துகொண்டிருந்தான். திங்கட்கிழமை மறுபடியும் போன் செய்தான். அக்கா எடுத்து, "என்னடா, கை நீண்டுடுத்தா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

அவன் ஞாயிறு குடிக்கவில்லை. திங்கள் குடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு, அக்கா எப்படியும் வீட்டில் வேறு அட்டை வைத்திருப்பாள், ரகசியமாகப் போட்டுக்கொண்டு நாடகமாடுகிறாள் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஏமாற்றுகிற ஒருத்தியிடம் தான் மட்டும் நேர்மையாக இருப்பது மடத்தனம். தர்க்கம் சுத்தமாக இருந்தது. அவன் அளவுக் குடுவையைத் தேடவில்லை. டம்ளரில் ஊற்றினான்.

ஆறு இருபத்தைந்துக்கு அத்திம்பேர் கூப்பிட்டார். "ஜெயராம், அக்காவுக்கு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடறது. ரெண்டு நாளாத் தூங்கலை. சுவத்துல எறும்பு போறதுங்கறா. எறும்பே இல்லைப்பா." அவர் குரலில் முதல் தடவையாக ஒரு கருத்து இருந்தது. பயம்.

அவள் ஏமாற்றவில்லை. அந்த வீட்டில் சவாலை ஒழுங்காகக் காப்பாற்றியது அவள் ஒருத்திதான்.

மஹதி குழந்தைகளை அனுப்பிவிட்டு அட்டையை எடுத்துக்கொண்டாள். ஆட்டோவில் போகும்போதே ஜெயராம் டாக்டரம்மாவைக் கூப்பிட்டான். வழக்கமான அளவை உடனே கொடுங்கள், வலிப்பு வந்தால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இல்லாவிட்டால் காலையில் முதல் ஆளாக இங்கே கூட்டிவாருங்கள் என்றார். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். ஆட்டோச் சத்தத்தில் கேட்காத மாதிரி அவன் போனை வைத்தான். மஹதிக்குக் கேட்டிருந்தது.

அக்கா விளக்கைப் போடவிடாமல் கட்டிலில் குறுகி உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பு நனைந்திருந்தது. பற்கள் கிட்டிக்கொண்டன. பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்தியதற்கு அவள் உடம்பு முழுக்கத் துள்ளியது. அவனுக்கு அந்தத் துள்ளல் தெரியும். கட்டிலுக்கடியில் இடம் எவ்வளவு இருக்கும் என்றுகூடத் தெரியும்.

மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினான்.

"குடிச்சிருக்கே," என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"எவ்ளோ?"

மில்லியில் பதில் சொல்ல வாய் தானாகத் திறந்தது. "அளக்கலை," என்றான்.

"குடிச்சவன் கையால நான் ஔஷதம் வாங்கிக்க மாட்டேன். தள்ளிப் போ."

மஹதி அவன் கையிலிருந்து மாத்திரையை வாங்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அக்கா அவளுக்கும் தலையை ஆட்டினாள். "வேண்டாம். இதை நான் போட்டுண்டா நான் தோத்தேன்னு ஆகும். அவன் சிரிப்பான்."

"யாரும் சிரிக்க மாட்டாக்கா. வாயைத் திறங்கோ."

"மாட்டேன்."

அத்திம்பேர் வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். அக்காவின் இடது கை தனக்குத் தானே உதறிக்கொண்டது. அதை வலது கையால் பிடித்துப் பார்த்தாள். வலது கையும் அதையே செய்தது. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஜெயராமுக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. பிராந்தி பிடரியில் இதமாக உட்கார்ந்துகொண்டு, எல்லாம் சரியாகிவிடும், நீ பாட்டுக்குப் பேசாமல் இரு என்றது.

அவன் தரையில் உட்கார்ந்தான்.

"அக்கா, நீ தோக்கலை. நான் ஆறு மணிக்கே தோத்துட்டேன். நீ ரகசியமா மாத்திரை போட்டுண்டிருப்பேன்னு நெனச்சுண்டு குடிச்சேன். அப்படி நெனச்சாத்தான் குடிக்க முடியும், அதனால நெனச்சேன்."

அக்கா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"ரெண்டு நாள் நீ இருந்தே. என்னால இருக்க முடியலை. நாளைக்கும் ஆறு மணி வரும். அப்பவும் எனக்கு வேணும்னு இருக்கும். வேண்டாம்னு உனக்குச் சத்தியம் பண்ணித் தரலாம். ஆனா பொய்யாயிடும்."

மஹதி அவன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் மாத்திரையை வைத்திருந்த கை கீழே இறங்கவில்லை.

"அப்போ," என்றாள் அக்கா, பற்களுக்கு நடுவில், "நான் ஜெயிச்சாச்சா?"

"ஜெயிச்சாச்சு."

"அவா ரெண்டு பேருக்கும் கேட்டுதோ?"

"கேட்டுதுடி," என்றார் அத்திம்பேர். "நன்னாக் கேட்டுது. போட்டுக்கோ."

அக்கா மஹதியின் கையிலிருந்து மாத்திரையை வாங்கினாள். அந்த நடுக்கத்திலும் சுலோகத்தை முழுசாகச் சொன்னாள். ஒரு எழுத்தை விழுங்கவில்லை. பிறகுதான் மாத்திரையை விழுங்கினாள். முக்கால் மணி நேரம் நான்கு பேரும் இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயராமுக்கு நினைவு தெரிந்து அந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் புத்தி சொல்லாமல் கழிந்த முக்கால் மணி நேரம் அதுதான். எறும்புகள் ஒவ்வொன்றாகச் சுவரைவிட்டுப் போய்விட்டதாக அக்கா கடைசியில் அறிவித்தாள்.

மறுநாள் காலை அடையாறில், டாக்டரம்மாவின் கிளினிக்கில் பத்துப் பதினைந்து பேர் ஏற்கனவே உட்கார்ந்திருந்தார்கள். மஹதி ஓரமாக இடம் பிடித்தாள். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் கோவிலுக்கு என்று சொல்ல. மேஜைக்குப் பின்னால் இருந்த பெண், தமிழ்மொழி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"பேஷண்ட் யாருங்க?"

"இவன்," என்றாள் அக்கா. "நான் சும்மா துணைக்கு."

"இவங்கதான்," என்றான் ஜெயராம் அதே நேரத்தில்.

"யாராவது ஒருத்தர் சொல்லுங்க. டோக்கன் போடணும்."

ஜெயராம் பின்னால் பார்த்தான். மஹதி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு வருகிற பார்வை இல்லை. காத்திருக்கிற பார்வை. பால் குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு பதினோரு மாதம் அவள் அப்படித்தான் பார்த்தாள். அவன் குடித்து முடிக்கும் வரைக்கும் நகரமாட்டாள்.

"ரெண்டு டோக்கன் போடுங்க," என்றான்.

"சார், நீங்க நம்ம பழைய பேஷண்ட்தானே? உங்களுக்கு முடிஞ்சிருச்சுன்னு ஃபைலைக் கட்டி மேல வெச்சுட்டோமே. மறுபடியும் மாத்திரையா?"

"இல்லை. மாத்திரையை விட்டாச்சு. இப்போ குடிக்கறேன். தினமும். நிறுத்த முடியலை."

சன்னமாகச் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தான். இருபது வருஷம் வகுப்பில் பேசிய குரல். கடைசி நாற்காலி வரைக்கும் போயிற்று. ஒரு பெரியவர் செய்தித்தாளைத் தாழ்த்தி, மறுபடி உயர்த்திக்கொண்டார். தமிழ்மொழி முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுதினாள். அவள் அன்றாடம் கேட்பது இது.

"கடைசியா எப்போ சார்?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு."

"பெரியம்மாவுக்கு என்னன்னு எழுத?"

அக்கா தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். "முழங்கால்," என்றாள்.

"இங்க முழங்கால் பாக்கறதில்லைங்கம்மா."

அக்கா வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் பார்வையைத் திருப்பவில்லை. தமிழ்மொழி பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அப்போ இவனுக்கு என்ன எழுதினேளோ," என்றாள் அக்கா, "அதையே எனக்கும் எழுதிக்கோங்கோ."